சாவி என்னிடம்

இரண்டாம் நாளே எனக்குக் காது அடைத்துக்கொண்டது.
மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு
பத்து நாள் கடல் வேண்டாம் என்றார்.
பொனேருக்கு நாங்கள் வந்திருப்பதே
ஒன்பது நாளுக்கு.

யெஸ்பரோடு முங்க அவன் தங்கை மாயிகன் போனாள்.
வண்டிச் சாவி என்னிடம் வந்தது.

வெள்ளை பிக்கப். பின்னால் எட்டு சிலிண்டர்கள்,
திருப்பத்துக்குத் திருப்பம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
வாடகைக்குக் கொடுத்த மக்தாலிஸ் சொன்னாள்:
கண்ணாடியை ஏற்றாதே, கதவைப் பூட்டாதே,
வருகிற திருடன் எதையும் உடைக்காமல்
ஏமாந்து போகட்டும்.

போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட இல்லாத ஊர்.
சிவப்பு என்றால் நடுச்சாலையில் நிற்கிற கழுதை.
அதற்குத் தோன்றும்போது பச்சை.

என் வேலை இதுதான்:
சாலையோரத்து மஞ்சள் கல் ஒன்றில் அவர்கள் இறங்குவார்கள்,
நீரோட்டம் தெற்கே தள்ளிக்கொண்டு போகும்,
அடுத்த கல்லுக்கோ அதற்கடுத்ததற்கோ
அவர்கள் தலை தூக்கும்போது
வண்டி அங்கே நிற்க வேண்டும்.
பன்னிரண்டு மீட்டர் கீழே ஒரு மனிதன் மிதக்கும் வேகத்துக்கு
மேலே வண்டியை உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா?
அந்த எண் மீட்டரில் கிடையாது.
முதல் கியரே அவசரம்.

வலப்பக்கம் தண்ணீரில் குமிழிகள்.
அது யெஸ்பர். சின்னதாய், சீராய் வருவது மாயிகன்.
சிரித்தால் மொத்தமாகக் கிளம்பும்.
எதைப் பார்த்துச் சிரித்தார்களோ.

நான்காம் நாள்
இடப்பக்கம் பார்த்துவிட்டேன்.
உப்பளம். இளஞ்சிவப்புத் தண்ணீர்.
அதைவிடச் சிவப்பாக நாற்பது பூநாரைகள்
தலைகீழாக எதையோ தேடிக்கொண்டிருந்தன.
இன்னும் கொஞ்சம் பார்க்கலாமென்று பின்னால் எடுத்தேன்,
மணலில் புதைந்தது சக்கரம்.
மிதிக்க மிதிக்க
இன்னும் ஆழம்.

உப்புக் கம்பெனி லாரியை நிறுத்திவிட்டு வந்தார் ருட்செல்.
காலுறை வரைக்கும் உப்பு.
போகோ போகோ, என்றார். மெதுவா, மெதுவா.
தள்ளவில்லை, கயிறு கட்டவில்லை.
குனிந்து டயரின் வாயை ஆணியால் அழுத்தினார்,
காற்று இரைந்து வெளியேறியது.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
முங்கும்போது இடுப்புச் சட்டையிலிருந்து
நானே விடுவேன் அதை.
கீழே போக அப்படி.
மேலே வரவும் அப்படித்தானா
என்று கேட்க எனக்கு அவர் மொழி தெரியாது.
நான்கு சக்கரமும் தொப்பை விழுந்து நின்றன,
வண்டி ஏறி வந்துவிட்டது.

அப்புறம் காற்றடிக்க அவரோடு போனேன்.
காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கறி.
அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஐம்பது நிமிடம் தாமதம்.
கல்லின் மேல் துடுப்பை மடியில் வைத்து
இருவரும் கருவாடாகக் காய்ந்திருந்தார்கள்.
ஆமை பார்த்தோம் என்றான் யெஸ்பர்,
திட்டுகிற குரலில்.

இரவு அவர்கள் குறிப்பேடு எழுதினார்கள்:
ஆழம், நேரம், மிச்சக் காற்று.
நானும் ஒரு பக்கம் கிழித்து எழுதினேன்.
அதிகபட்ச ஆழம்: அச்சு வரைக்கும்.
தெளிவு: அடிவானம் மட்டும், நடுவில் ஒரு கழுதை.
உடன் வந்தவர்: ருட்செல்.
மிச்சக் காற்று: பாதி.

கடைசி நாள் யாருக்கும் கடல் இல்லை.
மறுநாள் விமானம்; உடம்பில் கரைந்த வாயு வெளியேற வேண்டும்.
சிலிண்டர் இல்லாத வண்டி வெட்கப்பட்டதுபோல் குதித்தது.
வடக்கே கூட்டிப்போனேன்.
ஓரிடத்துக்கு மேல் அது ஒருவழிச் சாலை,
வந்த வழியே திரும்ப முடியாது.
அவர்களுக்கு எந்தத் திருப்பமும் தெரியவில்லை.
எட்டு நாள் இந்தத் தீவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தவர்கள்
கள்ளிக்காட்டை மீனைப் பார்ப்பதுபோல்
வாய் மூடிப் பார்த்தார்கள்.

ரிங்கோன் மேட்டில் ஏறும்போது
என் காதுக்குள் ஏதோ ஒன்று
பட்டென்று விட்டது.
ஆடு. யார் வீட்டிலோ வானொலி. கல்லில் டயர்.
இந்த வண்டிக்கு இப்படியொரு முனகல் இருக்கிறதா!

யெஸ்பர் கத்திக்கொண்டிருந்தான்,
அந்த மலைக்குப் பெயர் என்ன என்று.
எட்டு நாளாக இவ்வளவு சத்தமாகவா
என்னோடு பேசிக்கொண்டிருந்தாய்?

மெதுவாகச் சொல், என்றேன்.
கேட்கிறது.